துணைவேந்தர் இல்லாத காலத்தில் துறைகளை இணைக்கலாமா? ஆசிரியர்கள் இரண்டுபட்டு நிற்கிறோம்

கேள்வி: இணைப் பேராசிரியர், சமூக அறிவியல்

அனைவருக்கும் வணக்கம். தமிழ்நாட்டின் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் பணியாற்றுகிறேன். இதே நிலையில் உள்ள பல்கலைக்கழகங்கள் பல என்பதால், பெயரைச் சொல்லாமலேயே நிலைமை எல்லோருக்கும் விளங்கும் என்று நினைக்கிறேன்.

எங்கள் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்த பிறகு புதியவர் நியமிக்கப்படவில்லை. உயர்கல்வித் துறைச் செயலரை ஒருங்கிணைப்பாளராகக் கொண்ட குழுவே நிர்வாகத்தைக் கவனித்து வருகிறது. அண்மையில் அக்குழுவின் பொருள்நிரலில், மாணவர் சேர்க்கை குறைந்த மூன்று துறைகளை ஒரே புலமாக இணைக்கும் முன்மொழிவு இடம்பெற்றது. இது குறித்து ஆசிரியர்களின் கருத்தை அறிவதற்காக ஒரு கூட்டம் கூட்டப்பட்டது. கருத்தரங்கக் கூடத்தில் மாலை வரை நீண்ட அந்தக் கூட்டத்தில் ஏறத்தாழ பாதிப் பேர் இணைப்பை எதிர்த்துப் பேசினார்கள். ஆனால் பின்னர் சுற்றுக்கு வந்த கூட்டக் குறிப்பில், "விவாதிக்கப்பட்டு, கொள்கையளவில் ஏற்கப்பட்டது" என்ற ஒற்றை வரிதான் இருந்தது. எதிர்த்தவர்களின் கருத்தையும் பதிவு செய்யுமாறு கேட்டபோது, கருத்தறியும் கூட்டத்துக்கு மறுப்புக் குறிப்பு எழுதும் வழக்கம் இல்லை என்று பதிவாளர் அலுவலகம் பதில் தந்தது.

இணைப்பு நல்லதா கெட்டதா என்பதை இங்கே விவாதிக்க நான் வரவில்லை. அந்தத் துறைகளின் நிலை மோசமாக இருப்பது உண்மைதான். என் கேள்வி வேறு. துணைவேந்தரைத் தேர்ந்தெடுக்கும் பணி நிலுவையில் இருக்கும்போது, இப்படி அடிப்படையையே மாற்றும் முடிவை ஓர் இடைக்கால அமைப்பு எடுக்கலாமா? எங்களில் ஒரு சாரார், புதிய துணைவேந்தர் வரும் வரை எந்தக் கொள்கை முடிவும் கூடாது என்கிறார்கள். மறு சாரார், அவர் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாத நிலையில் பல்கலைக்கழகத்தையே உறைய வைக்க முடியாது என்கிறார்கள். இரு தரப்பிலும் நான் மதிக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். துணைவேந்தர் பதவிக்குப் பெயர்களைப் பரிந்துரைக்கும் தேடுதல் குழுவுக்கு ஆட்சிப்பேரவை (செனட்) அனுப்பும் பிரதிநிதியை எப்படித் தேர்வு செய்வது என்பதிலும் இதே பிளவு தெரிகிறது. நிர்வாகப் பொறுப்புகளில் இருந்தவர்களும் சட்டம் அறிந்தவர்களும் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: ஓய்வு பெற்ற பேராசிரியர், முன்னாள் ஆட்சிக்குழு (சிண்டிகேட்) உறுப்பினர்

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஒருங்கிணைப்புக் குழு என்பது துணைவேந்தரின் நாற்காலி காலியாக இருக்கும்போது அன்றாடப் பணிகள் நின்றுவிடாமல் இருப்பதற்கான ஏற்பாடு. துணைவேந்தர் கையெழுத்திட வேண்டிய கோப்புகளில் அது கையெழுத்திடுகிறது என்பதாலேயே, அவருக்கு உள்ள கல்வித் தலைமையும் அதனிடம் வந்துவிட்டதாகக் கருத முடியாது. துணைவேந்தர் ஆட்சிக்குழுவுக்கும் கல்விப் பேரவைக்கும் தலைமை வகிப்பவர். தாம் எடுத்த முடிவின் விளைவைத் தம் பதவிக்காலத்துக்குள்ளேயே எதிர்கொள்ள வேண்டியவர். செயலகத்தில் வேறு பெரும் பொறுப்புகளுடன் இதையும் சேர்த்துப் பார்க்கும் ஓர் அதிகாரியிடம் அந்தப் பொறுப்புணர்வை எதிர்பார்ப்பது அவருக்கே நியாயமாகாது.

ஆனால் "எந்த முடிவும் கூடாது" என்ற நிலைப்பாட்டையும் நான் ஏற்கவில்லை. ஆட்சிக்குழுவில் இருந்த காலத்தில் நான் கடைப்பிடித்த உரைகல் ஒன்று உண்டு. இன்று எடுக்கும் முடிவை, நாளை வரும் துணைவேந்தர் விரும்பினால் பெரிய சேதம் இல்லாமல் மாற்ற முடியுமா? முடியும் என்றால் இடைக்கால அமைப்பு அதை எடுக்கலாம். முடியாது என்றால் காத்திருக்க வேண்டும். தேர்வு அட்டவணை, விடுதிப் பராமரிப்பு, ஆய்வு நிதியை உரிய காலத்தில் விடுவிப்பது போன்றவற்றில் ஐயத்துக்கே இடமில்லை. பாடத்திட்டத் திருத்தம்கூட, பாடத்திட்டக் குழுவும் கல்விப் பேரவையும் முறையாகக் கூடி ஏற்றிருந்தால், தள்ளிப்போட வேண்டியதில்லை.

துறை இணைப்பு அந்த வகையைச் சேராது. ஒரு துறை இணைக்கப்படும்போது அதன் பெயர்ப்பலகை மட்டும் மாறுவதில்லை. பணியிடங்களின் ஒப்பளிப்பு மாறுகிறது. துறையை அலகாகக் கொண்டு இனச்சுழற்சி (இடஒதுக்கீட்டுச் சுழற்சி) கடைப்பிடிக்கப்படும் இடத்தில், 200 புள்ளிச் சுழற்சிப் பதிவேட்டில் அடுத்த நியமனம் எந்தப் பிரிவுக்கு உரியது என்பதே மாறிவிடக்கூடும். பணிமூப்புப் பட்டியல் மாறும். துறைத் தலைமைச் சுழற்சி மாறும். ஒருமுறை நியமனம் நடந்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப வழக்கு ஒன்றே வழி. பொருள்நிரலில் இந்தப் பதிவேடு பற்றிய குறிப்பு இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால், அந்த முன்மொழிவு விவாதத்துக்கே இன்னும் தயாராகவில்லை என்று எழுதிக் கொடுக்க உங்களுக்கு முழு நியாயம் உண்டு.

பதில்: உதவிப் பேராசிரியர், அறிவியல் புலம்

மூத்த பேராசிரியர் ஐயாவின் உரைகல் நல்லதுதான் என்றாலும், இடைக்காலம் குறுகியது என்ற எண்ணத்தின் மேல் அது நிற்கிறது. பாரதியார் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தர் பதவி 2022 அக்டோபரிலும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டிலும், அண்ணா பல்கலைக்கழகத்தில் 2024 ஆகஸ்டிலும் காலியாயிற்று. நம் மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் துணைவேந்தரின் பதவிக்காலமே மூன்று ஆண்டுகள்தான். ஒரு முழுப் பதவிக்காலத்துக்கு நிகராக நீளக்கூடிய காலத்தை இடைக்காலம் என்று அழைத்து, எல்லாவற்றையும் அடுத்தவருக்காக ஒதுக்கி வைப்பது யாரைப் பாதிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பேராசிரியர்களை அது பெரிதாகப் பாதிப்பதில்லை. பாதிக்கப்படுபவர்கள் கீழ்ப்படியில் இருப்பவர்கள். ஆய்வேட்டை மதிப்பிட, நெறியாளர் தரும் பட்டியலில் இருந்து துணைவேந்தரே தேர்வாளர்களைத் தேர்ந்தெடுப்பது பல இடங்களில் வழக்கம். அந்தக் கோப்பு செயலகம் போய்த் திரும்பும் வரை மாணவர் காத்திருக்கிறார். அவருக்குக் கிடைக்கவிருந்த முனைவர் பட்ட மேலாய்வு வாய்ப்பு அதற்குள் கைநழுவுகிறது. பணி மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ் பதவி உயர்வுக்குத் தகுதி பெற்றவர்கள் நேர்காணல் நடக்காமல் அதே நிலையில் ஓய்வு பெறுகிறார்கள். நிரந்தரப் பணியிடங்கள் நிரப்பப்படாததால், கௌரவ விரிவுரையாளர்கள் பருவத்துக்குப் பருவம் நீட்டிப்பு ஆணைக்காக அலைகிறார்கள். "காத்திருப்போம்" என்று சொல்வது, காத்திருக்க வசதி உள்ளவர்களுக்கு எளிது.

நான் சொல்வது இதுதான். இடைக்கால அமைப்பின் அதிகாரத்தைச் சுருக்க வேண்டும் என்று கேட்கும் அதே தீர்மானத்தில், தனிமனிதருக்குச் சேர வேண்டியவற்றை இத்தனை நாளுக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும் என்ற கெடுவையும் சேர்த்துக் கேளுங்கள். முதல் பாதியை மட்டும் கேட்கும் தீர்மானத்தில் நான் கையெழுத்திட மாட்டேன். துறை இணைப்பைப் பொறுத்தவரை ஐயாவோடு உடன்படுகிறேன். அதைக் காத்திருக்க வைக்கலாம்.

பதில்: சட்டக் கல்வி ஆசிரியர்

தேடுதல் குழு பற்றிய கேள்விக்கு வருகிறேன். ஆசிரியர்களிடையே நிலவும் குழப்பத்தில் பெரும்பகுதி இதில்தான் இருக்கிறது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் என்ன சொல்கின்றன? தேடுதல் மற்றும் தேர்வுக் குழு, மூன்று முதல் ஐந்து பேர் கொண்ட பட்டியலைத் தயாரிக்க வேண்டும். குழு உறுப்பினர்களில் ஒருவர் மானியக் குழுத் தலைவரின் பிரதிநிதியாக இருக்க வேண்டும். உறுப்பினர்கள் உயர்கல்வியில் சிறப்புற்றவர்களாகவும், சம்பந்தப்பட்ட பல்கலைக்கழகத்தோடும் அதன் கல்லூரிகளோடும் எவ்விதத் தொடர்பும் இல்லாதவர்களாகவும் இருக்க வேண்டும். துணைவேந்தராக வருபவருக்குப் பேராசிரியராகக் குறைந்தது 10 ஆண்டு அனுபவமோ, பெயர்பெற்ற ஆய்வு அல்லது கல்வி நிர்வாக அமைப்பில் அதே அளவு அனுபவமோ வேண்டும். நம் மாநிலச் சட்டங்களோ பொதுவாக வேந்தர் (அதாவது ஆளுநர்), ஆட்சிப்பேரவை, ஆட்சிக்குழு ஆகியவற்றின் பிரதிநிதிகளான மூவர் குழுவைப் பற்றிப் பேசுகின்றன. மானியக் குழுவின் பிரதிநிதிக்கு அங்கே இடமில்லை. வேந்தர் 2023 செப்டம்பரில் நான்கு பேர் கொண்ட குழுவை அறிவித்ததும், அரசு மூவர் குழுவை அரசிதழில் வெளியிட்டதும், 2024 ஜனவரியில் வேந்தர் தம் அறிவிப்பைத் திரும்பப் பெற்றதும் இந்த முரண்பாட்டின் விளைவுகளே.

இதற்கிடையே நியமன அதிகாரமே வழக்குக்குள் இருக்கிறது. துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கு மாற்றும் மசோதாக்களைச் சட்டமன்றம் 2022இல் நிறைவேற்றத் தொடங்கியது. 2023 நவம்பரில் ஆளுநர் திருப்பி அனுப்பியவற்றை மீண்டும் நிறைவேற்றியது. 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் பத்து மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் மே 21 அன்று சென்னை உயர் நீதிமன்றம் துணைவேந்தர் நியமனம் தொடர்பான திருத்தங்களுக்கு இடைக்காலத் தடை விதித்தது. குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்கு 2025 நவம்பர் 20 அன்று கருத்துரைத்த உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதிக்கொள்ளும் முறைக்கு அரசமைப்பில் இடமில்லை என்றது. வேந்தருக்கா அரசுக்கா அதிகாரம் என்பதில் எனக்கென்று ஒரு கருத்து உண்டு. நியமன அதிகாரம் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசிடம் இருப்பதே பொருத்தம் என்று கருதுகிறேன். ஆயினும் யார் நியமித்தாலும் தேடுதல் முறை பிழைபட்டால் நியமனம் நிற்காது என்பதை நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன.

குஜராத்தின் சர்தார் பட்டேல் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் நியமனத்தை உச்ச நீதிமன்றம் 2022 மார்ச்சில் செல்லாததாக்கியது. மாநிலச் சட்டம் மானியக் குழு விதிமுறைகளுக்கு முரணாக இருந்தால் விதிமுறைகளே மேலோங்கும் என்பது அதன் சாரம். அதே ஆண்டு அக்டோபரில், கேரளத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் நியமனம் ரத்தானது. பட்டியலாக அல்லாமல் ஒரே ஒரு பெயரைத் தேடுதல் குழு பரிந்துரைத்ததே அதற்கு முக்கியக் காரணம். 2023 நவம்பரில் கேரளத்தின் கண்ணூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் மறுநியமனமும் நீக்கப்பட்டது. அங்கே தகுதியைப் பற்றிய கேள்வியைவிட, வேந்தர் தாமாக முடிவெடுக்காமல் வெளித் தலையீட்டுக்கு இணங்கினார் என்பதே குறையாகக் காணப்பட்டது.

இப்போது உங்கள் பேரவைப் பிரதிநிதி விஷயம். "நம் ஆசிரியர் ஒருவரையே அனுப்ப வேண்டும்" என்று சிலர் கேட்பதாக அறிகிறேன். மேலே சொன்ன விதியின்படி அது இயலாது. உங்கள் பல்கலைக்கழகத்தோடு தொடர்புள்ள ஒருவரை அனுப்பினால், பின்னாளில் நியமனத்தை எதிர்த்து வழக்குத் தொடுப்பவருக்கு நீங்களே ஆதாரம் தேடிக் கொடுத்ததாகும். ஆசிரியர்களின் குரல் அந்தக் குழுவுக்குள் சென்று சேர வேண்டுமானால், பேரவையில் உள்ள ஆசிரியர் உறுப்பினர்கள் ஒன்றுகூடி, வெளியே உள்ள, யாருக்கும் கடன்படாத ஒரு கல்வியாளரை முன்மொழிய வேண்டும். அவருக்கு எழுத்து வடிவில் ஒரு குறிப்பும் தர வேண்டும். எத்தகைய தலைமை தேவை, பல்கலைக்கழகத்தின் நிதி நிலை என்ன, எந்தத் துறைகள் சரிந்துள்ளன என்பதெல்லாம் அதில் இருக்கலாம். பெயர்களைப் பரிந்துரைக்க வேண்டாம். பிரதிநிதியை வாக்கெடுப்பின் மூலம் தேர்வு செய்வதே நல்லது. நியமன உறுப்பினர்கள் பெரும்பான்மையாக இருந்தால் அவர்கள் விரும்பியவரே வெல்வார் என்ற கவலை உண்மையானது. ஆனால் வாக்கெடுப்பு நடந்தால் அது பதிவில் நிற்கும். கைதட்டி ஏற்றுக்கொண்டால் எதுவும் நிற்காது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. சுழற்சிப் பதிவேட்டைப் பற்றிப் பொருள்நிரலில் ஒரு சொல்கூட இல்லை என்பதை இன்று சரிபார்த்தேன். கெடுவைச் சேர்க்க வேண்டும் என்ற உதவிப் பேராசிரியரின் கருத்தை எங்கள் தீர்மான வரைவில் அப்படியே எடுத்துக்கொள்கிறோம்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். ஒருங்கிணைப்புக் குழுவில் உறுப்பினராக உள்ள எங்கள் மூத்த பேராசிரியர் ஒருவர் துணைவேந்தர் பதவிக்கு விண்ணப்பிக்க இருப்பதாகப் பேச்சு. அவர் நேர்மையானவர், திறமையானவர். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் துறை இணைப்பை முன்னின்று நடத்துபவரும் அவரே. இதைச் சுட்டிக்காட்டினால் தனிமனிதத் தாக்குதலாகப் பார்க்கப்படுமோ என்று நண்பர்கள் தயங்குகிறார்கள்.

பதில்: முன்னாள் பதிவாளர்

தயங்க வேண்டியதில்லை; ஆனால் அவர் பெயரைச் சொல்லாமல் விதியாகக் கேளுங்கள். "துணைவேந்தர் பதவிக்கு விண்ணப்பிக்கும் எவரும், விண்ணப்பித்த நாள் முதல் இடைக்கால நிர்வாகக் குழுவின் கூட்டங்களில் பங்கேற்கலாகாது" என்று ஒரு வரி போதும். பேராசிரியர் நேர்மையானவர் என்றால் இதை முதலில் வரவேற்பவர் அவராகவே இருப்பார். உள்ளிருந்து விண்ணப்பிப்பவருக்கும் இது பாதுகாப்புத்தான். பதவியில் இருந்தபடி கொடுத்த பதவி உயர்வையும் ஒப்பளித்த நிதியையும் காட்டி, ஆதரவு திரட்டினார் என்று பின்னர் யாரும் சொல்ல முடியாது.

கூட்டக் குறிப்பைப் பற்றி நீங்கள் எழுதியதுதான் என்னை மிகவும் வருத்தியது. பல ஆண்டுகள் கூட்டக் குறிப்பு எழுதிய அனுபவத்தில் சொல்கிறேன். "விவாதிக்கப்பட்டு ஏற்கப்பட்டது" என்ற தொடர் எல்லோரும் உடன்பட்ட கூட்டத்துக்கு உரியது. பாதிப் பேர் எதிர்த்த கூட்டத்துக்கு அதை எழுதுவது பொய்யான ஆவணத்தை உருவாக்குவதாகும். அடுத்த கட்டத்தில் ஆட்சிக்குழு முன் வைக்கப்படும் கோப்பில் "ஆசிரியர்களின் ஒப்புதல் பெறப்பட்டது" என்று அந்த வரியே மேற்கோளாகும். வெளியிலிருந்து வரும் உறுப்பினர்களுக்கு அதை நம்புவதைத் தவிர வேறு வழி இருக்காது. பதிவாளர் அலுவலகம் மறுப்புக் குறிப்பை ஏற்காவிட்டால், கூட்டத்தில் கலந்துகொண்டு எதிர்த்த ஒவ்வொருவரும் தனித்தனியே, "இன்ன நாளில் நடந்த கூட்டத்தில் இன்ன காரணத்துக்காக எதிர்ப்புத் தெரிவித்தேன், சுற்றுக்கு வந்த குறிப்பு அதைப் பிரதிபலிக்கவில்லை" என்று கடிதம் எழுதி, முறையான வழியில் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை நகலில் வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டாகக் கையெழுத்திட்ட மனுவைவிடத் தனிக் கடிதங்களுக்குக் கோப்பில் எடை அதிகம். ஒவ்வொன்றுக்கும் வரவு எண் விழும். எதையும் தவறிப்போனதாகச் சொல்ல முடியாது.

மற்றொன்றையும் கவனியுங்கள். சுற்றறிக்கை மூலம் கையெழுத்துப் பெற்று நிறைவேற்றும் தீர்மானங்கள் இடைக்காலத்தில் பெருகும். உறுப்பினர்கள் வெவ்வேறு ஊர்களில் இருப்பதால் அது வசதி. ஆனால் எதிர்க்கேள்வி கேட்க அங்கே மேசையே இல்லை. துறை அமைப்பு, பணியிடம், சொத்து ஆகிய மூன்றையும் சுற்றறிக்கை வழியாக முடிவு செய்யக் கூடாது என்று உங்கள் தீர்மானத்தில் எழுதுங்கள். தேடுதல் குழு பட்டியலோடு சேர்த்து, பெயர்களுக்கு உரிய காரணங்களையும் எழுத்தில் தர வேண்டும் என்பது மானியக் குழு விதிமுறையிலேயே உள்ளது. கல்விச் சிறப்பு, நிர்வாக அனுபவம் ஆகியவற்றுக்குத் தந்த மதிப்பை அதில் காட்ட வேண்டும். நியமனம் முடிந்த பிறகு அதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். பட்டியலில் உள்ள பெயர்களை முன்கூட்டியே வெளியிட வேண்டும் என்று சிலர் கேட்பதை நான் ஆதரிக்கவில்லை. வேறு நிறுவனத்தில் பணியில் இருக்கும் நல்ல ஆசிரியர்கள் அதற்கு அஞ்சியே விண்ணப்பிக்காமல் இருந்துவிடுவார்கள்.

பதில்: உதவிப் பேராசிரியர், அறிவியல் புலம்

கடைசிக் கருத்தில் மட்டும் முன்னாள் பதிவாளர் ஐயாவோடு மாறுபடுகிறேன். விண்ணப்பித்த அனைவரின் பெயரையும் வெளியிட வேண்டாம், அது சரி. ஆனால் இறுதிப் பட்டியலுக்கு வந்துவிட்ட மூன்று முதல் ஐந்து பேரின் தகுதி விவரங்களை ஒரு வாரமாவது பொதுவில் வைத்தால், 10 ஆண்டுப் பேராசிரியர் அனுபவம் இல்லாதவரோ, ஆய்வு நேர்மை குறித்துக் குற்றச்சாட்டு நிலுவையில் உள்ளவரோ பட்டியலில் இருப்பதை ஆசிரியர்களே சுட்டிக்காட்ட முடியும். நியமனம் முடிந்த பிறகு நீதிமன்றம் போய், தீர்ப்பு வருவதற்குள் பதவிக்காலத்தில் பெரும்பகுதி ஓடிவிடுகிறது. குஜராத்திலும் கேரளத்திலும் நடந்தது அதுதானே?

கேள்வி கேட்டவர்

பட்டியலை வெளியிடுவது குறித்து எங்களுக்குள்ளும் ஒருமித்த கருத்து இல்லை என்பதால் அதைத் தீர்மானத்தில் சேர்க்கவில்லை. மற்றவற்றைச் சேர்த்திருக்கிறோம். தனிநபருக்கு உரியவற்றைக் கெடு வைத்து முடிப்பது, மாற்ற முடியாத முடிவுகளை நிறுத்தி வைப்பது, விண்ணப்பிப்பவர் நிர்வாகக் குழுவிலிருந்து விலகி இருப்பது, சுற்றறிக்கை வழித் தீர்மானங்களுக்கு வரம்பு வைப்பது ஆகியவை வரைவில் உள்ளன. பேரவையின் ஆசிரியர் உறுப்பினர்கள், வெளியிலிருந்து ஒரு கல்வியாளரை முன்மொழிந்து வாக்கெடுப்புக் கோர இசைந்துள்ளனர். இணைப்பை ஆதரிக்கும் துறைத் தலைவர்கள் இருவர் வரைவில் கையெழுத்திட மறுத்துவிட்டார்கள். அவர்களுடைய காரணங்களை அவர்கள் சொற்களிலேயே எழுதித் தருமாறு கேட்டிருக்கிறோம். தந்தால் தீர்மானத்தோடு இணைத்தே அனுப்புவோம். தனிக் கடிதங்கள் திங்கட்கிழமை பதிவாளர் அலுவலகத்தில் தரப்படுகின்றன.